ஜம்கு காவல் காத்த வண்டல்

பார்மேர் பாலைவனத்தில் எங்கள் ஊர் மணலில் முள்ளைத் தவிர எதுவும் சுலபமாக முளைக்காது. அப்படியிருக்க, பக்கத்து வீட்டு ஜம்குவின் தோட்டத்தில், இந்தக் கொளுத்தும் கோடையில், ஆட்டுக்குட்டி பெருசுக்கு இரண்டு தர்ப்பூசணிகள் கிடந்தன.

"மண்ணுல என்ன போட்டீங்க அண்ணி?" என்று வேலிக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டேன்.

"வத்திப்போன ஊர்க்குளத்து வண்டல்தான், லாகா தம்பி. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. எனக்கே பத்தாது."

யாரிடமும் சொல்லவில்லை. மனைவியிடம் மட்டும் சொன்னேன்.

மறுநாள் ஊரே கூடையோடு குளத்தில் இறங்கியது. ஜம்கு கரையில் கம்போடு நின்று கத்தினாள்.

"பாவிங்களா, எனக்கும் கொஞ்சம் விட்டு வைங்க!"

அவள் கத்தக் கத்த நாங்கள் வேகமாக அள்ளினோம். பத்தே நாளில் குளத்தில் கட்டாந்தரை தெரிந்தது.

இடுப்பைப் பிடித்துக்கொண்டு அவள் தோட்டத்துக்குப் போனேன். தர்ப்பூசணியை வெட்டிக் கொடுத்தாள்.

"கொடியைக் காணோமே அண்ணி?"

"சந்தையில கொடியோடயா விக்கிறாங்க?"

"அப்ப அந்த வண்டல்?"

"வருஷத்துக்கு ஒரு வீடு குளம் தூர் வாரணும்ல? இந்த வருஷம் எங்க முறை. சாப்பிடுங்க தம்பி, ரொம்ப உழைச்சிருக்கீங்க."