மூன்றாவது கார்

பழைய வீடியோ கேம் விற்கும் அந்தக் கடையில் ஆண்டுக்கணக்காக ஓர் எல்லைப் போர் நடந்துவந்தது. நாட்டுக்காகவா? இல்லை, அலமாரிக்காக! குண்டு வீசிக்கொண்டே ஓடும் ஒரு கார் விளையாட்டு பந்தயமா, சண்டையா? பந்தய அலமாரி கடைக்காரியின் கணவனுடையது. சண்டை அலமாரி அவள் தம்பியுடையது.

"முடிவுக் கோட்டைத் தாண்டினா பந்தயம்தான், மச்சான்."

"குண்டு போட்டாத்தானே தாண்ட முடியுது, மாமா? என் அலமாரிக்கு வந்த பிறகுதான் அது வித்துச்சு!"

"எங்க வெச்சாலும் விக்கிற சரக்குக்கு நீ மீசை முறுக்குறியா?"

பேச்சு முற்றியது. அந்த விளையாட்டை ஆடித் தோற்றவன் கடையைவிட்டே போகவேண்டும் என்று பந்தயத்தைப் பற்றியே பந்தயம் கட்டினார்கள். எவன் போனாலும் குடும்பம் இரண்டாகும் என்பதை அவள் ஒருத்திதான் எண்ணினாள்.

அந்த விளையாட்டில் இருப்பவை இரண்டே கார்கள். ஆட்டம் தொடங்கியதும் திரையில் மூன்று ஓடின. மூன்றாவதான வெள்ளைக் கார், ஒரு குண்டும் வீசாமல், ஒருவரையும் இடிக்காமல், முதலில் கோட்டைத் தாண்டியது.

"யாருடா அது?"

"நான் இல்ல, மாமா."

"ரெண்டு பேரும் தோத்தாச்சு," என்றாள் அவள். "ரெண்டு பேரும் கிளம்பிட்டா கடைய யாரு பார்க்கிறது? பேசாம உட்காருங்க."

இருவரும் சிரித்துவிட்டார்கள். அவளுக்குப் போன மூச்சு திரும்பி வந்தது.

வென்றவரின் பெயரைத் திரை கேட்டது. விளையாட்டுக் கைப்பிடிகள் இரண்டும் தொடுவாரின்றி மேசைமேல் கிடந்தன. பெயருக்கான முதல் கட்டத்தில் எழுத்துகள் மெல்ல உருளத் தொடங்கின.

"அவசரமில்ல, நிதானமா எழுதட்டும்," என்று அவள் நான்காவது நாற்காலியை இழுத்துப் போட்டாள்.