கட்டிலுக்கு அடியில் அப்பா

பையன் இந்த முறையும் அப்பா பொம்மையைப் பொம்மைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினான். குழந்தை மனநல டாக்டருக்கு வாயெல்லாம் பல். படித்த படிப்பு வீண்போகவில்லை.

"பாத்தீங்களா? அடிமனசுல அப்பா மேல பயம். அப்பாவே இல்லாம போகணும்னு ஆசை. சின்ன வயசுல ஆம்பளப் பிள்ளைங்களுக்கு வர்றதுதான். வளர வளரப் போயிடும்."

அம்மாவுக்குக் கண் கலங்கியது. பக்கத்தில் அப்பா பேயறைந்தவர்போல உட்கார்ந்திருந்தார்.

அப்போது வராந்தாவில் ஒரு செருமல். "எங்க என் மகன்? ஆபீசுக்குப் போகாம இங்க என்ன பண்றான்?"

நாற்காலியில் அப்பாவைக் காணோம். டாக்டரின் மேசைக்கு அடியில் இரண்டு ஷூக்கள் மட்டும் தெரிந்தன.

"தாத்தா வந்தா வீட்லயும் இப்படித்தான். அங்க கட்டில்" என்றான் பையன்.

டாக்டர் மெல்லக் குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தார்.

"பயப்படாத கண்ணா. உனக்கு என்ன வயசாகுது?"