ஏறிப்போன சுருதி

"தம்பி, இந்த சாக்ஸபோனை நீங்களாவது ஒரு வழி பண்ணுங்க. ஒரு மாசமா இவர் இதைத் திட்டுறதும், அக்கம்பக்கத்துல எங்களைத் திட்டுறதுமா இருக்கு" என்றாள் மனைவி, பெட்டியை மேசைமேல் வைத்தபடி.

வாத்தியம் பழுதுபார்ப்பவர் சிரித்துக்கொண்டே பெட்டியைத் திறந்தார். என்ன கோளாறு என்று கணவரிடம் விசாரித்தார். எந்த ஸ்வரத்தை ஊதினாலும் சுருதி சற்று ஏறியே பேசுகிறது, மேலே போகப் போக இன்னும் மோசம் என்றார் அவர். அவர் வாசிக்கும் இசைக்குழுவின் தலைவர் இதுவரை பொறுத்துப் பார்த்துவிட்டாராம். நாளைய ஒத்திகையிலும் சுருதி சேராவிட்டால் அந்த இடத்தில் வேறு ஆளைப் போட்டுவிடுவதாகச் சொல்லிவிட்டாராம்.

"எங்க பொண்ணு பிறக்கிறதுக்கு முன்னாடியிருந்து நான் உட்கார்ற நாற்காலி" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு.

பழுதுபார்ப்பவர் கடையின் விளக்கை அணைத்தார். மெல்லிய கம்பியில் கட்டிய சிறு பல்பைக் குழலுக்குள் இறக்கி, எங்காவது காற்று கசிகிறதா என்று துளைகளை மூடும் சாவிகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார். எந்த மூடியின் ஓரத்திலும் வெளிச்சம் கசியவில்லை. பிறகு விளக்கைப் போட்டு, தன்னிடமிருந்த வேறொரு கழுத்துப் பகுதியில் ஊதுமுனையான மௌத்பீஸை மாட்டி ஊதினார். போனில் சுருதி காட்டும் முள் நட்டநடுவில் நின்றது.

"குழல்ல ஒண்ணும் இல்ல சார். உங்க மௌத்பீஸைக் கொடுங்க."

அவர் தயங்கித் தயங்கி, அது மாட்டியிருந்த கழுத்துப் பகுதியை எடுத்துக் கொடுத்தார். மௌத்பீஸ், கழுத்து நுனியைச் சுற்றியிருந்த கார்க்கின் அடிவரை தள்ளப்பட்டு, அசையாதபடி அதன்மேல் கறுப்பு டேப் இறுக்கிச் சுற்றப்பட்டிருந்தது. பழுதுபார்ப்பவர் டேப்பின் நுனியைத் தேடவும், அவர் சட்டென்று கையைப் பிடித்தார்.

"அதை மட்டும் தொடாதீங்க. அளவு பார்த்து வெச்சது. போன வருஷத்துலேர்ந்து அந்த இடத்துலதான் சுருதி சரியா நின்னுது. கோளாறு வேற எங்கயோ இருக்கு."

"பிடிச்சா பிடிச்ச பிடிதான்" என்று முணுமுணுத்தாள் மனைவி.

ஒரே ஒரு தடவை பார்க்கலாம், சரிப்படாவிட்டால் தானே பழைய இடத்தில் வைத்துச் சுற்றித் தருவதாகப் பழுதுபார்ப்பவர் சமாதானம் சொன்னார். டேப்பைப் பிரித்து, மௌத்பீஸை அரை விரல்கடை வெளியே இழுத்து, கருவியை அவரிடமே நீட்டினார்.

வேண்டாவெறுப்பாகத்தான் ஊதினார். முள் நடுவில் நின்றது. மேலே போனார், அசையவில்லை. வாயிலிருந்து எடுத்துக் கருவியை ஒரு முறை முறைத்துவிட்டு, மறுபடி அடியிலிருந்து ஊதிக்கொண்டு போனார். கடைசி ஸ்வரம் வரை சுருதி கம்பி மாதிரி நேராக நின்றது.

"இவ்வளவு உள்ள தள்ளி வெச்சா ஏறத்தானே செய்யும்? உங்களுக்குத் தெரியாததா? எதுக்கு சார் இப்படிப் பண்ணீங்க?"

மனைவிதான் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்.

"போன வருஷம் இவருக்கு முகவாதம் வந்துடுச்சு தம்பி. வாய் ஒரு பக்கமா இழுத்துக்கிச்சு. பார்வைக்கு எல்லாம் நேராயிடுச்சு, ஆனா உதட்டுல பழைய பிடிப்பு இனிமே வராதுன்னு டாக்டர் கையை விரிச்சுட்டார். உதடு தளர்ந்து சுருதி இறங்கி இறங்கிப் போகவும், அதைத் தூக்கி நிறுத்தத்தான் உள்ள தள்ளி டேப் போட்டார்."

பழுதுபார்ப்பவர் கையிலிருந்த டேப்பைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போட்டார்.

"அந்தப் பிடிப்பு திரும்பி வந்து ஒரு மாசம் ஆச்சுக்கா. சார்தான் இன்னும் கவனிக்கல."