பின்சீட்டுக்கு ஒரு டயர்

“கண்ணு தெரியுதா உனக்கு? தெரிஞ்சா, இந்த டயர்ல எங்க ஒரு கோடாவது மிச்சம் இருக்குன்னு காட்டு பார்ப்போம்!”

டயர் கடை வாசலில் அவள் போட்ட சத்தத்தில் எதிர்க் கடைக்காரர் கூட எட்டிப் பார்த்தார். அவன் ஹெல்மெட்டைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டு வண்டிக்குப் பக்கத்தில் நின்றான்.

“கத்தாத. ஆளுங்க பார்க்கிறாங்க.”

“பார்க்கட்டும். நேத்து பாப்பா ரோட்டுல விழுந்தப்பவும் பார்த்துக்கிட்டுத்தானே நின்னாங்க?”

பள்ளிக்கூடத்துத் திருப்பத்தில், மழை ஈரத்தில், அவன் பிரேக் போட்டிருக்கிறான். பின்சக்கரம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போக, பின்னால் உட்கார்ந்திருந்த ஏழு வயதுப் பிள்ளை புத்தகப் பையோடு கீழே விழுந்திருக்கிறாள். முழங்கையில் தோல் வழன்றுவிட்டது.

“சின்னச் சிராய்ப்புதான்” என்றான் அவன்.

“சின்னச் சிராய்ப்பு! பின்னாடி ஒரு லாரி வந்திருந்தா? அதுகூட அவ போன்ல சொல்லித்தான் எனக்குத் தெரியுது. நீ வாயைத் திறக்கல!”

கடைக்காரருக்குச் சிரிப்பு வந்தது. இதுபோல எத்தனையோ சண்டைகளைப் பார்த்த கடை அது. “மேடம், நீங்க அந்த ஸ்டூல்ல உட்காருங்க. சாரும் நானும் பார்த்துக்கிறோம்.”

உட்காரச் சொன்னால் நிமிர்ந்து நிற்கிற சுபாவம் அவளுக்கு. இருவருக்கும் நடுவில் போய் நின்றாள்.

கடைக்காரர் அவளைத் தாண்டி அவனிடமே பேசினார். “சார், இதை எடுத்துக்கங்க. முப்பதாயிரம் கிலோமீட்டர் தாங்கும். ரப்பர் சும்மா கல்லு மாதிரி!”

“நல்லதாப் போச்சு. மூணு வருஷத்துக்குக் கவலை இல்ல” என்றான் அவன்.

அவள் ரப்பரில் நகத்தை வைத்து அழுத்தினாள். நகம்தான் வலித்தது. “கல்லு மாதிரி இருந்தா ஈர ரோட்டுல எப்படிப் பிடிக்கும்?”

“அது... மழை நாள்ல கொஞ்சம் மெதுவாப் போகணும், மேடம்.”

“இவன் மெதுவாப் போவானா? இவன்கிட்ட அந்தப் பேச்செல்லாம் பேசிப் பார்த்தாச்சு. வேற காட்டுங்க.”

அவன் சுவரில் தொங்கிய அகலமான டயர் ஒன்றைக் காட்டினான். “அதைப் போட்டா பின்னாடி பார்க்க நல்லா கெத்தா இருக்கும்ல?”

“போடலாம் சார். செயின் கவர்ல லேசா உரசும், அவ்வளவுதான்.”

“உரசுமா?” அவள் அவனைத் திரும்பிப் பார்த்த பார்வையில் அவன் கை தானாகக் கீழே இறங்கியது. “ஸ்கூலுக்குப் பிள்ளையைக் கொண்டுபோய் விடுற வண்டிக்குக் கெத்து ஒரு கேடா?”

மூன்றாவதாக வந்தது மெத்தென்ற ரப்பர். தண்ணீரை வாரி வெளியே தள்ளுகிற ஆழமான கோடுகள். “பன்னிரண்டாயிரம்தான் ஓடும். ஆனா மழையில பிடிச்சு நிக்கும்” என்றார் கடைக்காரர், அரை மனசாக.

அவள் டயரைச் சுழற்றி, பக்கவாட்டில் இருந்த நான்கு எண்களைத் தேடினாள். முதல் இரண்டும் டயர் செய்த வாரம், அடுத்த இரண்டும் வருஷம். காலையில் பஸ்ஸில் வரும்போதே போனில் எல்லாவற்றையும் படித்துவிட்டுத்தான் வந்திருந்தாள்.

“இது எங்க பாப்பா ரெண்டாவது பிறந்தநாளுக்குக் கேக் வெட்டினப்போ செஞ்ச டயர். அஞ்சு வருஷமா விக்காம கிடந்ததை எங்க தலையில கட்டுறீங்களா?”

கடைக்காரர் முகத்தில் இருந்த சிரிப்பு கழன்று விழுந்தது. உள்ளே போனார். அதே ரகத்தில் நான்கு மாதத்துக்கு முன் செய்த டயரோடு வந்தார்.

“சார், தப்பா நினைக்காதீங்க. அடுத்த தடவை வீட்டம்மாவை வீட்டுலேயே விட்டுட்டு வாங்க. இல்லேன்னா நான் கடையை இழுத்து மூடிட்டுப் போக வேண்டியதுதான்.”

அவன் ஹெல்மெட்டைப் பார்த்தான். அவள் ரோட்டைப் பார்த்தாள். கடைக்காரர் மட்டும் தனியாகச் சிரித்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

“பன்னிரண்டாயிரம்னா வருஷா வருஷம் மாத்தணும்” என்று அவன் முணுமுணுத்தான்.

“மாத்து.”

“நீ சொல்லிட்டுப் போயிடுவ.”

“சொல்றதாவது நான் சொல்றேன்ல?”

டயர் மாட்டி முடிகிற வரை அவள் அசையவில்லை. டயரில் உள்ள அம்புக்குறி சக்கரம் ஓடுகிற பக்கம் பார்த்திருக்கிறதா என்று குனிந்து பார்த்தாள். காற்று பிடிக்கும்போது, “பின்னாடி ஆள் உட்கார்ற கணக்குக்குப் பிடிங்க” என்றாள். அவனைத் தெருமுனை வரை ஓட்டவிட்டு, பிரேக் போட்டுக் காட்டச் சொன்னாள். வண்டி வழுக்காமல் பிரேக் போட்ட இடத்திலேயே நின்றது. அப்போதும் அவள் முகத்தில் கடுகடுப்பு குறையவில்லை.

கடைக்காரருக்கே மனசு கேட்கவில்லை. கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, “விடுங்கம்மா, புருஷன் பொண்டாட்டின்னா ஆயிரம் இருக்கும். அதான் உங்க இஷ்டப்படியே புது டயர் போட்டாச்சே! பின்னாடி ஏறி உட்காருங்க, சார் உங்களை ஆபீஸ்ல இறக்கி விட்டுடுவார்” என்றார்.

அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப் பக்கம் திரும்பினாள்.

“நான் எதுக்கு அதுல ஏறணும்? எங்களுக்கு விவாகரத்தாகி ஒன்றரை வருஷம் ஆச்சு. கோர்ட்டு எனக்குக் கொடுத்தது ஞாயித்துக்கிழமை மட்டும்தான். மத்த ஆறு நாளும் என் பொண்ணு அந்த சீட்லதான் உட்கார்றா!”