கேமரா சார்ஜ் தனி

"இதோ இருக்கு சாட்சி!" என்று வீரராகவன் ஒரு காய்ந்த செம்பருத்தி இலையைச் சன்யாலின் மூக்குக்கு நேரே நீட்டினார். பெங்காலிக்காரர்கள் பேட்டையான டாக்குரியாவில், அந்த மூன்று மாடிக் கட்டடத்தின் மொட்டை மாடியில், மழைத் தண்ணீர் இரண்டு நாளாகக் கணுக்கால் அளவுக்கு நின்றுகொண்டிருந்தது.

மாடித் தண்ணீர் முழுவதும் இறங்கவேண்டிய மூலைக் குழாய் அடைத்துக்கொண்டுவிட்டது. கீழே வீரராகவன் வீட்டுக் கூரை ஒழுகுகிறது. அவரும் கட்டிலை மூன்று முறை நகர்த்திப் பார்த்துவிட்டார். ஒழுக்கும் கூடவே நகர்ந்து வந்தது.

எதிர் ஃபிளாட் சன்யால் மாடியில் நாற்பது பூந்தொட்டி வைத்திருக்கிறார். துறைமுகக் கணக்குப் பிரிவில் அடுத்தவர் தப்பை மட்டுமே முப்பது வருஷம் தேடிக் களைத்து ஓய்வுபெற்ற வீரராகவனுக்கு, குற்றவாளியை முடிவுசெய்ய இதற்கு மேல் என்ன வேண்டும்?

"செடின்னு இருந்தா இலை விழும்தானே, ராகவன் பாபு," என்று சன்யால் பெங்காலியில் கெஞ்சினார். "செலவை ஆறு வீடும் பங்கு போட்டுக்கலாமே."

"அதெல்லாம் நடக்காது. குழாய்க்குள்ள யார் வீட்டுச் சாமான் அடைச்சிருக்கோ, அவங்கதான் மொத்தப் பணமும் கட்டணும்!" என்று வீரராகவனும் அதே பெங்காலியில் முழங்கினார்.

முழங்கியதோடு விடவில்லை. அதைக் கட்டடத்துச் சங்க நோட்டில் தீர்மானமாக எழுதி, ஆறு வீட்டுக் கையெழுத்தும் வாங்கினார். முதல் கையெழுத்து அவருடையது. அடியில் இரண்டு கோடு வேறு.

மறுநாள் காலை, ஆறு வீட்டாரும் மாடியில் கூடியிருக்க, சுத்தம் செய்யும் கம்பெனியிலிருந்து பலாஷ் வந்தார். இடுப்பில் பெல்ட், பெல்ட்டில் கொக்கி, தோளில் கயிறு, பின்னால் தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கும் மோட்டார். மனிதர் குழாய் சுத்தம் செய்ய வந்தாரா, இமயமலை ஏறக் கிளம்பினாரா என்று சொல்வது கஷ்டம்.

"குழாய் அடிக்கு நூத்தியிருபது, நாப்பது அடிக்கு நாலாயிரத்து எண்ணூறு. மெஷினுக்கு ரெண்டாயிரத்து ஐநூறு. உயரத்துக்கு ஆயிரத்து ஐநூறு," என்றார் பலாஷ்.

"உயரத்துக்குக்கூடவா காசு?" என்று சன்யால் பதறினார்.

"விழுந்தா உயரத்துக்குத் தகுந்த மாதிரிதானே சார் அடிபடும்?"

அந்த நேரம் பார்த்து வீரராகவன் மனைவி பட்டு படியேறி வந்தாள். கையில் ஒரு துண்டு வாழை இலை, அதில் காக்காய்க்கு ஒரு பிடி சாதம்.

"சண்டையை அப்புறம் போடுங்கோ, முதல்ல இதை வைங்கோ. இனிமே உங்க காக்காய்க்கு இலைதான். என் பேர் வெட்டிக் கொண்டுவந்த ஆறு கிண்ணத்துல மூணைக் காணோம்."

"என்னைக் கேட்டா? மண் அள்ளித் தோட்டம் போடறவாளைக் கேளு!" என்றார் வீரராகவன், தமிழில்தான். கட்டடத்தில் அவர்கள் ஒரே தமிழ்க் குடும்பம். எதிரில் நிற்பவரை எதிரிலேயே திட்டும் வசதி அவருக்கு நிறையவே இருந்தது. சன்யால் ஒன்றும் புரியாமல் பட்டுவைப் பார்த்துச் சிரித்தார்.

வழக்கம்போல் அந்தக் குழாய் மூலையில், கைப்பிடிச் சுவர்மேல் இலையை வைத்துவிட்டு வீரராகவன் பலாஷிடம் திரும்பினார். "கேமரா கொண்டு வந்திருக்கீங்களா?"

"அது எதுக்கு சார்? தண்ணியை அடிச்சா அடைப்பு தானா போயிடும். கேமரா சார்ஜ் தனி. ரெண்டாயிரத்து இருநூறு."

வேறு நாளாக இருந்தால் அந்த இருநூறுக்காகவே ஒரு மணி நேரம் பேரம் பேசியிருப்பார். இன்றைக்குச் செலவு அடுத்தவருடையது. கர்ணனே வந்து வீரராகவனிடம் பாடம் படிக்கலாம். "கட்டாயம் வேணும். எல்லார் கண்ணாலயும் பாக்கணும். ரெக்கார்டும் பண்ணுங்க."

"அப்ப மொத்தம் பதினோராயிரம்."

சன்யால் விரல் விட்டு எண்ணினார். பென்ஷன் வர இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. செடிகளை விற்றால் எவ்வளவு தேறும் என்பதுபோல அவற்றை வரிசையாகப் பார்த்தார். பாவமாகத்தான் இருந்தது, வீரராகவனைத் தவிர மற்ற எல்லாருக்கும்.

கேமரா வயர் குழாய்க்குள் இறங்கியது. பலாஷின் செல்போன் திரையில் முதலில் இரண்டு செம்பருத்தி இலை தெரிந்தது.

"பாத்தீங்களா! பாத்தீங்களா!" என்று வீரராகவன் குதித்ததில் எல்லார் வேட்டியும் பேண்ட்டும் நனைந்தன.

"இலை அடைக்கல சார். கீழே ஏதோ பளபளன்னு தெரியுது," என்றார் பலாஷ். கொக்கிக் கம்பியை விட்டு, முக்கி முனகி இழுத்தார். ஒன்றுக்குள் ஒன்றாகச் சிக்கிய மூன்று சின்ன எவர்சில்வர் கிண்ணங்கள், புளித்த சோற்றோடு வெளியே வந்து விழுந்தன. தேங்கி நின்ற தண்ணீர் மடமடவென்று இறங்கிப் போனது.

சுவர்மேல் இலையைக் கொத்திக்கொண்டிருந்த காக்காய் ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டுச் சாப்பாட்டைத் தொடர்ந்தது. பட்டு வாயைத் திறந்தாள். வீரராகவன் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டாள்.

"யாரோடதுன்னு தெரியலியே," என்றார் வீரராகவன், மேகத்தைப் பார்த்தபடி.

பலாஷ் ஒரு கிண்ணத்தைத் துடைத்தார். "ஏதோ எழுத்து வெட்டியிருக்கு சார். பெங்காலி இல்ல, இந்தி இல்ல, இங்கிலீஷும் இல்ல."

'பட்டு' என்று இருந்தது. வீரராகவன் அதை மனசுக்குள் மட்டும் படித்துக்கொண்டார். "கம்பெனி முத்திரையா இருக்கும். எனக்கும் ஒண்ணும் புரியல."

சன்யால் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கிண்ணத்தை இப்படியும் அப்படியும் திருப்பி, எழுத்துக்கூட்டிப் பார்த்துத் தோற்றார். பிறகு சங்க நோட்டைத் தீர்மானப் பக்கமாகப் பிரித்து, ரொம்ப மரியாதையாக நீட்டினார்.

"எங்க அஞ்சு வீட்டுலயும் இதைப் படிக்க ஆளே இல்லையே, ராகவன் பாபு!"