ஆறு தோள்கள்

அயர்லாந்துச் சிற்றூரொன்றின் வானியலறிஞர் ஃபின்டன், தாம் உருவாக்கிய ராட்சதத் தொலைநோக்கியைக் குன்றின்மேல் ஏற்ற ஆள் கிடைக்காமல் தவித்தார். நாளையோடு வால்மீன் மறைந்துவிடும்.

அப்போது கறுப்புக் கோட்டணிந்த ஆறு பேர், தொப்பியைக் கழற்றியபடி உள்ளே வந்தனர்.

"மனசைத் தேத்திக்கங்க ஐயா," என்றார் அவர்களில் ஒருவரான டோனல். "போனது யாரு, உங்க மாமியாரா?"

"யாரும் போகலையே. ஏன் கேக்கறீங்க?"

"சாவு வீட்டுலதானே நிலைக்கண்ணாடியைத் துணியால மூடுவோம்? உங்க வீட்டுக் கண்ணாடி மூடியிருக்கறதை ஜன்னல் வழியா பார்த்தோம். சவப்பெட்டி தூக்க வந்தோம்."

ஃபின்டன் வியப்புடன் மனைவி ஊனாவை நோக்கினார்.

"நான்தான் மூடினேன்," என்றாள் அவள், தேநீர் ஊற்றியபடி. "ஒத்தாசைக்குக் கூப்பிட்டப்ப ஒருத்தரும் வரலை. சாவுன்னதும் வந்துட்டீங்க. பெட்டிக்குப் பதிலா அந்தக் குழாயைத் தூக்குங்க."

டோனல் தொலைநோக்கியை ஒருமுறை சுற்றிவந்தார்.

"சரிம்மா. இதுல தலைமாடு எந்தப் பக்கம்?"