விலகிப் போகிற மரியாதை

வலது கையை உயர்த்தினான்.

படகு வலப்பக்கம் திரும்பியது.

பின்னால் இன்ஜினைப் பிடித்திருந்த ஏகாம்பரத்துக்கு அந்தக் கை மட்டும்தான் தெரியும். இந்தப் பனியில் அதுவும் மங்கல். இன்ஜினை ஒட்டி உட்கார்ந்தவனுக்குக் காதும் கிடையாது. அதற்காகத்தான் படகின் முனையில் ஒருவன் நிற்பது. அவன் கண்டதுதான் காட்சி, கேட்டதுதான் சத்தம். அவன் கை காட்டினால் மறுபேச்சில்லை.

நடுவில் அம்சா. முனையில் நின்றவனின் தம்பி பெண்டாட்டி. நானும் வருவேன் என்று இடுப்பளவு தண்ணீரில் நின்று படகைப் பிடித்துக்கொண்டவள். மடியில் காய்ந்த சட்டை ஒன்று. பிளாஸ்கில் டீ.

"ஆப்புடட்டும் அந்த மனுசன். டீ அப்புறம்தான். மொதல்ல மண்டைல நாலு."

மணி ஒன்பது. பனி இன்னும் பிடித்த பிடியில் நின்றது. விலையில் இறங்கி வரத் தெரியாத வியாபாரி மாதிரி.

விடியுமுன் துடுப்புப் படகில் ஏரிக்குள் தனியாகப் போன தம்பி தேசப்பன் இன்னும் கரையேறவில்லை.

"அண்ணே, இப்பிடியே போனா முகத்துவாரம்ணே!" ஏகாம்பரம் கத்தினான். "அவன் வடக்கால இல்ல வல போடுவான்?"

கை இறங்கவில்லை.

"ஆமா மாமா. கடல் இழுக்குற எடத்துக்கு அவரு வரவே மாட்டாரு. தாலி கட்டவே கை நடுங்குன ஆளு."

ஏகாம்பரம் சிரித்தான். முனையில் நின்றவன் சிரிக்கவில்லை.

காலை ஆறரைக்கு இதே படகு. இதே முனை. இதே பனி. ராத்திரி மீன்பிடித்துவிட்டுக் கரைக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

இடப்பக்கம் தட்டுகிற சத்தம் கேட்டது.

மடவை மீனை அப்படித்தான் ஓட்டுவார்கள். வலையைச் சுற்றிப் போட்டுவிட்டு, படகின் விளிம்பில் கழியால் தட்டினால் மீன் மிரண்டு வலைக்குள் பாயும். ஒருவன் தட்டுகிறான் என்றால் அடுத்தவன் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கக் கூடாது. பக்கத்துக் கடையில் பேரம் படிகிற நேரத்தில் நடுவே போய் நின்று விலை கேட்கிறவனை என்னவென்று சொல்வது? அதேதான். இன்ஜினைக் கொண்டுபோய் மீனைக் கலைத்தவனிடம் ஏரியில் யாரும் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள்.

வலது கையை உயர்த்தினான். படகு நன்றாகத் தள்ளிப் போனது.

எவனுக்கோ இன்றைக்கு யோகம் என்று நினைத்துக்கொண்டான். வயிறு கொஞ்சம் எரியவும் செய்தது.

மீனுக்குத் தட்டுகிற தட்டு கோடை மழை மாதிரி. சடசடவென்று விடாமல் விழும்.

இது மூன்று.

ஓர் இடைவெளி.

மூன்று.

அதுவும் காதில் விழத்தான் செய்தது. தட்டுகிறவனுக்குக் கை அசந்திருக்கும். அவனே ஒரு சமாதானம் சொன்னான். அவனே அதை வாங்கிக்கொண்டான்.

கரையேறி நாலு இட்லி தின்றான்.

இப்போது உள்ளங்கையை விரித்துக் காட்டினான். இன்ஜின் நின்றது.

தண்ணீர் கடலைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தது.

முதலில் மணல்திட்டு என்றுதான் தோன்றியது. கிட்டே போனதும் நீலப் பெயிண்ட். கவிழ்ந்த படகு. அதன் வலை அடியில் எதிலோ சிக்கியிருந்ததால் அது மட்டும் போகாமல் நின்றிருந்தது.

மேலே யாரும் இல்லை.

"நீந்திப் போயிருப்பாரு," என்றாள் அம்சா. "நல்லா நீந்துவாரு."



எழுந்து நின்று கூப்பிட்டாள். புருஷன் பெயரைச் சொல்லிப் பழகாதவள்.

"யோவ்!"

பனியைப் பார்த்து யோவ் என்றால் எவன் திரும்புவான்.

"யோவ்! யோவ்!"

குரல் பத்தடி தாண்டவில்லை. அவன் கழியை எடுத்தான். கவிழ்ந்த படகின் முதுகில் தட்டினான். தம்பி எங்கே மிதந்தாலும் கேட்கட்டும் என்று.

மூன்று. நிறுத்தினான். மூன்று.

காலையில் கேட்டது இந்தப் பலகைதான்.

நிறுத்த முடியவில்லை. தட்டிக்கொண்டே இருந்தான்.

தூரத்தில் ஓர் இன்ஜின். கரைக்குத் திரும்புகிற ஏதோ ஒரு படகு. நேராக இவர்களை நோக்கித்தான் வந்தது. வந்தது. இன்னும் கிட்டே வந்தது.

பிறகு சத்தம் வளைந்தது. அகலமாக ஒரு சுற்று சுற்றி, வெகு மரியாதையாக, தேய்ந்து போனது.

"டேய்! இங்கடா! டேய், ஆளக் காணோம்டா!" ஏகாம்பரம் தொண்டை கிழியக் கத்தினான். போன படகு போனதுதான்.

"தட்டாதண்ணே," என்றான் மூச்சு வாங்க. "மடவை ஓட்றோம்னு நெனச்சுக்கினு ஒதுங்கிப் போறானுங்க பாரு."

சொல்லிவிட்டு இன்ஜின் கயிற்றைத் தேடிக் குனிந்தான். அவனுக்கு அது வெறும் பேச்சு.

கழி நின்றது.

அம்சா கூப்பிடுவதை நிறுத்தியிருந்தாள். மெல்ல உட்கார்ந்தாள்.

"மாமா."

அவன் பனியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"காலைல நீங்க எந்தப் பக்கமா கரைக்கு வந்தீங்க?"

படகு ஓடும்போது, முனையில் நிற்பவன் பின்னால் திரும்பக் கூடாது.

படகு ஓடவில்லை.

அவன் திரும்பவும் இல்லை.